பங்குத்தூண் இன்னும் நிற்கிறது

அன்புள்ள மகனுக்கு,

பங்குத்தூண் இன்னும் நிற்கிறது. இன்று காலை உறுதியான செய்தி இது. சொன்னவர் வேறு யாருமில்லை, நான்தான். விடிந்ததும் வாடகை அறையைப் பூட்டிவிட்டு மச்சுவீட்டுத் தெருவுக்கு நடந்து போய், தூணில் கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். நம் வீட்டின் மச்சு முழுவதும் இறங்கிவிட்டது. கீழே தெருப் பக்கத்துச் சுவர் இல்லை. பிரித்த உத்தரங்களும் சட்டங்களும் வாசலில் அடுக்கிக் கிடக்கின்றன. நீ வீட்டை விற்றாயே, அந்த மரக்கடை ராமசாமி, லாரி வந்ததும் அவற்றை ஏற்றிவிடுவதாக நேற்று மாலை தம் வாயால் சொன்னார். தூணைப் பற்றியும் அவர் ஒன்று சொன்னார். அதைப் பிறகு எழுதுகிறேன். என்ன நிற்கிறது என்பதை முதலில் எழுதிவிட வேண்டும். விழுந்ததைப் பற்றி எழுத அவசரமில்லை, அது எங்கும் போய்விடாது.

உனக்கு இரண்டு முறை தனியாக எழுதினேன். அந்தத் தூண் யாருடையது என்று ராமசாமியிடம் என்ன சொன்னாய் என்று முதல் கடிதத்தில் கேட்டிருந்தேன். இரண்டாவதில் அதையே இன்னும் சுருக்கமாகக் கேட்டேன். போன வாரம் உன் பதில் வந்தது. உறைக்குள் ஒரு புகைப்படமும் நான்கு பக்கக் கடிதமும் இருந்தன. தூணைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதனால்தான் இந்த மூன்றாவது கடிதத்தை நம் ஊர் வாரப் பத்திரிகைக்கும் கொடுத்திருக்கிறேன். உன்னை ஊரறிய வெட்கப்படுத்த வேண்டும் என்று இல்லை. உன் பெயரை அச்சிட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் இது நீயும் நானும் மட்டும் பேசித் தீர்க்கிற சங்கதி அல்ல. கேள்வி தெருவில் நிற்கிறது. பதிலும் தெருவுக்குத் தெரிய வேண்டும்.

படம் நன்றாகத்தான் இருக்கிறது. குறுகலான தெரு, கல் பாவிய தரை, இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவரில் கறுப்பாக மரச்சட்டங்கள் ஓடும் வீடுகள். மாடிகள் தெருவின் மேல் எட்டிப் பார்க்கின்றன. ஜெர்மனிக்குப் போன பிறகு உனக்குக் கிடைத்த முதல் விடுமுறை நாளில், தொழிற்சாலை நண்பனோடு அந்தப் பழைய ஊருக்குப் போய், தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இரண்டு தரம் நடந்ததாக எழுதியிருக்கிறாய். வீட்டுக்கு வீடு பித்தளைத் தகட்டில் எந்தக் காலத்தில் கட்டியது, யார் இருந்தார் என்று பொறித்திருக்கிறார்களாம். ஒரு கிழவி மாடி ஜன்னலில் பூத்தொட்டிக்குத் தண்ணீர் விட்டாளாம். அவள் குடும்பம் பல தலைமுறையாக அதே வீட்டில் இருக்கிறதாம். வீட்டுக்குச் சொந்தக்காரராகவே இருந்தாலும், வெளிச் சட்டத்தில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றால்கூட நகராட்சியைக் கேட்டுத்தான் அடிக்க வேண்டும் என்று நண்பன் சொன்னதைக் கேட்டு உனக்கு மெய்சிலிர்த்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். கடைசியில், 'நம்ம ஊர்ல இப்படி ஒரு தெருகூட இல்லையேப்பா' என்று முடித்திருக்கிறாய்.

அந்தக் கடைசி வரியை நான் பல தடவை படித்தேன். கேலியாக எழுதினாயோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். இல்லை, நிஜமாகவே எழுதியிருக்கிறாய். நீ பிறந்து, தவழ்ந்து, மச்சுப் படியிலிருந்து உருண்டு விழுந்து, தாடையில் தழும்பு வாங்கிக்கொண்ட வீடு எப்படிக் கட்டப்பட்டது என்று உனக்குத் தெரியாமல் போயிற்றா, அல்லது தெரிந்தே மறந்தாயா என்பதை என்னால் இங்கிருந்து உறுதிசெய்ய முடியவில்லை. ஆகவே நம் தெருவையும் ஒரு தரம் நடந்து காட்டுகிறேன். நீ அந்தத் தெருவில் நடந்த வேகத்திலேயே நடப்போம்.

மலைக்கோட்டைப் பாறையின் அடியில் தொடங்கி, பேகம்பூர் போகிற ரஸ்தாவில் போய் முட்டுகிறது நம் தெரு. ஒரு ஜட்கா போகலாம். எதிரே இன்னொன்று வந்துவிட்டால் இரண்டில் ஒரு வண்டிக்காரன் இறங்கிக் குதிரையைப் பின்னால் தள்ள வேண்டும். அதற்குள் இருவரும் பரம்பரைகளைத் திட்டி முடித்திருப்பார்கள். வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி எழும்பியவை. முதலில் மரத்தால் கூடு: தூண், உத்தரம், குறுக்குச் சட்டம். பிறகு சட்டங்களுக்கு நடுவே செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து அடைப்பு. இங்கே சுவர் வீட்டைத் தாங்குவதில்லை. மரம்தான் தாங்குகிறது. மச்சு தெருப் பக்கம் ஒரு முழம் நீண்டிருக்கும். மழைக்கு ஒதுங்குகிறவனுக்கு யாரையும் கேட்காமல் இடம் உண்டு. கோட்டையில் வேலை செய்த தச்சர்கள் தங்களுக்குக் கட்டிக்கொண்ட தெரு என்பது பேச்சு. நாயக்கர் காலம் என்பார் ஒருவர், நவாபு காலம் என்பார் இன்னொருவர். இரண்டுக்கும் ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. மரம் சிறுமலையிலிருந்து வந்தது என்பதை மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்.

தெருமுனையில் வெங்காய மண்டிக்காரர் வீடு. மரம் தெரிந்தால் ஏழை வீடு மாதிரி இருக்கிறது என்று அவர் சட்டங்களின் மேல் சிமெண்டு பூசிவிட்டார். இப்போது மழைக்காலத்தில் உள்ளே ஊறி, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. அடுத்தது தையற்காரர் வீடு. மச்சின் ஒரு மூலை தணிந்துபோய்ப் பனங்கட்டை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கட்டையில்தான் சினிமா நோட்டீஸ் ஒட்டுவார்கள். எதிரே தோல் மண்டி. உப்பு வைத்த தோலின் நாற்றம் உனக்கு நினைவிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது அந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தூண் தூணாகத் தட்டிக்கொண்டே ஓடி வருவாய். அதைத் தாண்டினால் கதீஜா அத்தை வீடு. அதை ஒட்டி நம் வீடு. அதை ஒட்டி இருந்தது நம் வீடு. எழுதிப் பழகிய கைக்கும் காலத்தை மாற்றிப் போடச் செத்த நேரம் பிடிக்கிறது.

அந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவில் தனித்தனிச் சுவர் கிடையாது. ஒரே வரிசைச் சட்டம். அதன் நடுவில் ஒரு வேங்கைத் தூண், ஆள் கட்டிப்பிடித்தால் விரல் நுனிகள் தொடாத பருமன். நம் வீட்டு உத்தரம் இந்தப் பக்கத்திலிருந்தும், அவர்கள் வீட்டு உத்தரம் அந்தப் பக்கத்திலிருந்தும் வந்து அதன் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தன. இதைத்தான் பங்குத்தூண் என்பார்கள். தெரு முழுவதும் அப்படித்தான், இரண்டு வீட்டுக்கு ஒன்று. பாதி பாதி என்று கோடு கிழிக்க முடியாத பங்கு அது. ஒருவர் தம் பாதியை எடுத்துக்கொண்டால் மற்றவருக்குப் பாதி மிஞ்சாது, ஒன்றும் மிஞ்சாது.

நான் அந்த வீட்டுக்குள் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவன். கல்யாணத்துக்கு முதல் நாள் உன் அம்மாவின் அப்பா என்னைக் கூப்பிட்டு, "வாங்க மாப்ளே, தூணைக் கேட்டுட்டு வந்துருவோம்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வெற்றிலைத் தட்டும் சந்தனக் கிண்ணமுமாக அடுத்த வீட்டுக்குப் போனோம். கதீஜா அத்தையின் வீட்டுக்காரர் ராவுத்தர் என் வயதுக்காரர், தோல் வியாபாரம். வாசலுக்கு வந்து தட்டை வாங்கிக்கொண்டு, "தூணு ரெண்டு பேருக்கும் பொது. தாராளமா நடத்துங்க" என்றார். பிறகு அவர் தம் வீட்டுப் பக்கத்தில் ஒரு தீற்று சந்தனம் வைத்தார். மாமனார் நம் பக்கத்தில் ஒரு தீற்று வைத்தார். சடங்கு அவ்வளவுதான். பத்திரிகைக்காரன் புத்தி சும்மா இருக்குமா? ஏன் என்று கேட்டேன். "கல்யாணத்தன்னைக்கு மச்சுல சனம் ஏறும்ல? பாரம் தூணுல எறங்கும். அன்னைக்கு நான் என் மச்சுல மூட்டை ஏத்தாம இருக்கணும்ல?" என்றார் ராவுத்தர். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "மாப்ளையும் கொஞ்சம் கனமாத்தான் இருக்காரு. தூணு தாங்கும்" என்றார். வீட்டோடு வந்து உட்காரப் போகிறவனைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை அது. அன்று கோபம் வந்தது. பின்னால் அவரைப்போல எனக்கு யாரும் வாய்க்கவில்லை.

நீ எட்டு வயதில் ஓர் ஆணி அடித்தாய். நம் பக்கத்தில், உன் தலை உயரத்தில், பட்டம் மாட்டுவதற்காக. சத்தம் கேட்டதும் உன் அம்மா அடுப்பில் வெஞ்சனத்தை அப்படியே விட்டுவிட்டு வந்து, உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அடுத்த வீட்டு வாசலில் நிறுத்தினாள். "கேக்காம தூணுல ஆணி அடிச்சுட்டான் அண்ணே. என்னன்னு கேளுங்க" என்றாள். நீ அழத் தயாராக நின்றாய். ராவுத்தர் எழுந்து வந்து தம் பக்கத்தில் தூணைத் தடவிப் பார்த்தார். "ஏலே அப்பு, ஆணி இங்கிட்டு வந்து என்னையக் குத்தலை. இருந்தாலும் புடுங்கிரு. அந்த ஓட்டையில மெழுகு வச்சு அடைச்சுட்டு வா. கரையான் அந்த வழியாத்தான் வரும்" என்றார். கதீஜா அத்தை உள்ளே போய் ஒரு துண்டு மெழுகுவர்த்தி எடுத்து வந்து கொடுத்தாள். "அடுத்த தடவை அடிக்கணும்னா அத்தைகிட்ட வந்து கேளு. இல்லைன்னா சொல்லப்போறேன்?" என்றாள். நீ மெழுகை உருக்கி ஊற்றி, விரலால் அழுத்திவிட்டு வந்தாய். இன்று காலை அந்த இடத்தைத் தேடிப் பார்த்தேன். இருக்கிறது. உன் சின்ன விரல் ரேகைகூடப் பதிந்திருக்கிறது என்று எழுத ஆசைதான். ஆனால் ரேகை தெரியவில்லை. மெழுகு கறுத்துப்போயிருக்கிறது.

எவனோ ஒரு நகராட்சிக்காரன் ஆணி அடிக்க அனுமதி கேட்கச் சொல்கிறான் என்று உனக்கு மெய்சிலிர்த்ததாக எழுதினாயே, அப்போது அந்த மெழுகு உன் நினைவுக்கு வரவே இல்லையா?

வீடு உன் அம்மாவுடையது. அவள் அப்பா அவளுக்குக் கொடுத்தார். அவள் உனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். நான் அதில் குடியிருந்தவன். அதனால் அவள் போன பிறகு நீ வந்து, "ஒழுகுதுப்பா. கரையான் வேற. யாரு பாக்குறது? வித்துருவோம், நான் போறதுக்கும் ஆவும்" என்றபோது நான் மறுக்கவில்லை. மறுக்க எனக்கு வாயில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன்: "கதீஜா அத்தைகிட்டச் சொல்லிட்டியா?" நம் தெருவில் விற்கிறவன் முதலில் தூண் பங்காளியிடம் சொல்ல வேண்டும், வாங்க வருகிறவனிடம் தூணைக் காட்டி இது பொது என்று சொல்ல வேண்டும். இதெல்லாம் உனக்குத் தெரியும். "சொல்லிட்டேன்ப்பா" என்றாய். அடுத்த வீட்டுக் கதவு பத்தடி தூரத்தில் இருந்தது. ஒரு சங்கதியை இரண்டு பேர் வாயால் கேட்காமல் நான் எழுதியதில்லை; வெட்டுக்குத்து ஆனாலும் சரி, வெங்காய விலை ஆனாலும் சரி. அன்று மட்டும் ஒரு வாய் போதும் என்று விட்டுவிட்டேன். அது மகன் வாய் என்பதால்.

நீ கப்பல் ஏறிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பிரிக்கிற வேலை தொடங்கிய அன்று, தெருமுனை டீக்கடையில் ராமசாமி உட்கார்ந்திருந்தார். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர், நிதானமான மனிதர். அந்த மரமெல்லாம் கொடைரோடு வழியாகக் கொடைக்கானலுக்குப் போகிறது என்று அவரே சொன்னார். அங்கே யாரோ ஒரு பணக்காரர் பங்களா கட்டுகிறாராம். வெள்ளைக்காரர் ஊர் மாதிரி, கட்டையெல்லாம் வெளியே தெரியும்படி. "நல்லா முத்தின பழைய கட்டைதான் வேணுமுங்களாம்" என்றார். நான் சிரித்தேன். எதற்குச் சிரிக்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. நடுத்தூணை எப்போது இறக்குவது என்று அவர் தம் ஆளிடம் கேட்டபோதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது.

"அது பங்குத்தூண்யா. ரெண்டு வீட்டுக்கும் பொது" என்றேன்.

ராமசாமி டம்ளரைக் கீழே வைத்தார். "ஏனுங்க, உங்க பையன் அப்படிச் சொல்லலீங்களே. இந்தத் தூணு முழுசும் எங்களுதுன்னு கையை வச்சுக் காமிச்சாருங்க. அதைப் பாத்துத்தானுங்க நான் வெலையே பேசினேன். வேங்கைங்க. இம்மாம் பருமன் இப்ப எங்கீங்க கெடைக்குது?"

"கையை வச்சா?"

"ஆமாங்க. தட்டிக் காமிச்சாரு."

டீ ஆற்றிக்கொண்டிருந்த மஸ்தான், "ஊருக்கெல்லாம் நியூஸ் சொல்ற ஆளு, வீட்டு நியூஸ் மட்டும் லேட்டா வருது" என்றான். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் கெட்டவன் இல்லை. அந்த நேரத்தில் யாராவது எதையாவது சொல்ல வேண்டியிருந்தது.

உன் பக்கம் நின்றும் யோசித்துப் பார்த்தேன். அவசரத்தில் சொல்லியிருக்கலாம். பயணத்துக்குப் பணமுடை, தூண் பொது என்றால் அவர் விலையைக் குறைத்திருப்பார். இன்னும் கொஞ்ச நாளில் நீ கடல் தாண்டிவிடுவாய். விழுகிற நேரத்தில் நீ பார்க்கப் போவதில்லை. இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தேன். அடுக்க அடுக்க உன் செயல் புரிந்தது. புரியப் புரிய எனக்குக் கசப்புத்தான் கூடியது. எங்கோ ஒரு கிழவி தன் ஜன்னலில் பூச்செடிக்குத் தண்ணீர் விடுவதைப் பார்த்து உருகுகிறவன், நோன்பு மாதத்தில் மச்சு ஜன்னல் வழியாகக் கஞ்சிக் கிண்ணத்தை நீட்டிய கையின் மேல் கூரையை இறக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

கதீஜா அத்தையிடம் நானே போய்ச் சொன்னேன். நீ அவளிடம் விற்கும் செய்தியையே சொல்லவில்லை என்பதும் அப்போதுதான் உறுதியாயிற்று. ஆட்கள் வந்து ஓட்டைப் பிரித்தபோது, கரையானுக்காக மராமத்து செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம். ராவுத்தர் போன பிறகு அவளும் கடைசிப் பெண் மைமூனும்தான் அந்த வீட்டில். நம் உத்தரத்தை எடுத்ததும் தூண் ஒரு பக்கப் பாரத்தில் நிற்கிறது. அவர்கள் மச்சுச் சுவரில் மூலைக்கு மூலை கீறல் விட்டிருக்கிறது. இரண்டு பேரும் மேலே ஏறுவதில்லை. கீழே முன்னறையில் பாயைப் போட்டுப் படுக்கிறார்கள். வக்கீலைப் பார்த்து ஒரு தடை வாங்கிவிடலாம், நானே கூட வருகிறேன் என்றேன்.

"யாரு மேல?" என்றாள்.

"வித்தவன் மேலயும், வாங்கினவர் மேலயும்."

"தோள்ல போட்டுத் தூக்கித் திரிஞ்ச புள்ள மேல கச்சேரி ஏறச் சொல்றியளாண்ணே? அவுக அத்தா இருந்தா என்னைய வீட்டுக்குள்ள விடுவாகளா?" என்றாள். ராவுத்தரைத்தான் மைமூனின் அத்தா என்ற முறையில் அப்படிச் சொன்னாள். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை.

முந்தாநாள் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். சாயங்காலம் இடிந்த வாசலில் நின்று, அன்று இறக்கிய கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதீஜா அத்தை வெற்றிலைத் தட்டும் சந்தனக் கிண்ணமுமாகத் தன் வீட்டிலிருந்து வந்தாள். பின்னால் மைமூன். நம் வாசல் இருந்த இடத்தில், படி இல்லாததால் மண் மேட்டில் கால் வைத்து ஏறி வந்தாள்.

"மைமூனுக்கு நிக்காஹ் வச்சிருக்குண்ணே. கார்த்திகை பொறந்து வர்ற ஞாயித்துக்கெழமை. மாப்ள பேகம்பூருதான். தூணைக் கேக்கணும். யாருகிட்டக் கேக்குறது?"

"இனிமே கேட்க என்னம்மா இருக்கு? எங்க பக்கம் வீடே இல்லை. அது உன் தூணுதான்" என்றேன்.

"அது எப்படி?" என்றாள். "பொதுத் தூணை எனக்கு மட்டும்னு நான் வச்சுக்கிட்டா, ஒங்க மவன் சொன்ன மாதிரித்தானே ஆவும்?"

நான் தட்டை வாங்கக் கை நீட்டவில்லை. வாங்க எனக்கு உரிமை இல்லை. வீட்டோடு மாப்பிள்ளை அந்த வீட்டில் சந்தனம் வைக்கிறவன் அல்ல. உன் அம்மாவுக்குப் பிறகு அது நீ வைக்க வேண்டியது. சும்மா நிற்க முடியாமல் சட்டைப்பையிலிருந்து உன் புகைப்படத்தை எடுத்து மைமூனிடம் கொடுத்தேன். நீ எழுதியதையும் சொன்னேன். அவள் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். உன்னோடு சேர்ந்து நம் தெருவில் தூண் தட்டி ஓடியவள்.

"நம்ம தெரு மாதிரித்தான் இருக்கு. வெள்ளையடிச்சிருக்காங்க, அம்புட்டுதான்" என்றாள். பிறகு, "அங்க ஆணி அடிக்கவே கேக்கணுமாக்கும்? அப்ப, ஒங்க மவன் சார் அங்க ஒழுங்கா இருப்பாரு" என்றாள். படத்தைத் திருப்பித் தந்துவிட்டாள். அவள் அம்மா, "சும்மா இரு புள்ள" என்று அதட்டினாள். அதட்டிய குரலில் வலு இல்லை.

கதீஜா அத்தை தன் வீட்டுக்குள் போய், தன் பக்கத்துத் தூணில் ஒரு தீற்று சந்தனம் வைத்தாள். நம் தெருச் சுவரும் தூணை ஒட்டிய அடைப்பும் போய்விட்டதால் அவள் கை தெருவிலிருந்தே தெரிந்தது. நம் பக்கம் வெறுமையாக இருக்கிறது.

நேற்று மாலை ராமசாமியை மறுபடி பார்த்தேன். சந்தனம் வைத்ததை அவரும் பார்த்திருக்கிறார். "பொம்பளைப் புள்ளைங்க இருக்கிற வீட்டைச் சாச்சு எனக்கு என்னுங்க ஆகப்போவுது?" என்றார். "ஆனா நானும் எங்கண்ணனும் சேந்துதானுங்க கடை வச்சிருக்கோம். தூணை ஏன் விட்டேன்னு அவரு கேப்பாருங்க. பெத்தவரு சொன்னாருன்னு சொன்னா, வித்தது அவரான்னு கேப்பாரு. வித்தவரே தப்பாச் சொல்லிட்டேன்னு ஒரு வரி சொல்லட்டுமுங்க. அங்கயே மண்டபத் தூணு மாதிரி விட்டுட்டுப் போயிருவேன். முட்டும் நானே குடுத்துட்டுப் போறேன்." எதுவரை பொறுப்பீர்கள் என்று கேட்டேன். கார்த்திகை முதல் தேதி வரை என்றார். மஸ்தானும் வேறு இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று வாய். எழுதலாம்.

மகனே, உனக்கு அறிவுரை சொல்ல வேண்டும் என்று தொடங்கவில்லை. அந்த ஊரில் நீ நன்றாக இரு; தொழிலைக் கற்றுக்கொள்; அந்தத் தெருவுக்கு இன்னொரு தரமும் போ. போகும்போது பித்தளைத் தகடுகளைப் படிக்காதே. இரண்டு வீடுகள் ஒட்டுகிற இடத்தில் நின்று பார். அங்கேயும் ஒரு தூண் இருக்கும். இத்தனை காலம் அந்தத் தெரு நின்றது எதனால் என்று யாரிடமாவது கேள். மரம் நல்ல மரம் என்று சொன்னால் நம்பாதே. நம் மரமும் நல்ல மரம்தான். கேட்காமல் எடுக்காத ஆட்கள் அங்கே இருந்திருப்பார்கள். இங்கேயும் இருந்தார்கள், உன் தலைமுறை வரை. இதைக் கோபத்தில் எழுதுகிறேன் என்பது உனக்குத் தெரியும். கோபம் ஆறட்டும் என்று காத்திருக்க எனக்கு நாளில்லை. இந்தத் தெருவில் இருந்த இத்தனை வருடத்தில் இந்தத் தெருவைப் பற்றி ஒரு வரி நான் எழுதியதில்லை. இதில் செய்தி என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன். செய்தியாக்கிக் கொடுத்தவன் நீ.

இனி நிலுவையில் இருப்பவை. ஐப்பசி மழை இன்னும் பிடிக்கவில்லை. சிறுமலைப் பக்கம் இரண்டு நாளாகக் கறுத்திருக்கிறது. இன்றோ நாளையோ இறங்கும் என்று சந்தையில் பேச்சு. மழைக்குத் தூண் அசையாது, ஆனால் கீறல் விட்ட சுவர் என்ன செய்யும் என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மைமூனின் நிக்காஹ் குறித்த நாளில்தான், அந்த வீட்டில்தான் என்று கதீஜா அத்தை சொல்கிறாள். மச்சில் யாரையும் ஏற்றப் போவதில்லை. ராமசாமியின் வாக்கு கார்த்திகை முதல் தேதி வரை செல்லும். இந்தக் கடிதம் அதற்கு முன்பே உன் கைக்கு வந்துவிடும். நீ பதில் எழுதினால் அது நேரத்துக்கு இங்கே வந்து சேராது, தந்தி சேரும். ஒரே வரி போதும்: 'தூண் பொது, தவறாகச் சொன்னேன்.' நம் பக்கத்துச் சந்தனத்தை உனக்காக யார் வைக்க வேண்டும் என்பதையும் அதிலேயே சொல்லிவிடு. ராமசாமிக்கு அனுப்பாதே, எனக்கும் அனுப்பாதே. கதீஜா அத்தை பெயருக்கு அனுப்பு.

கார்த்திகை முதல் தேதியன்று தந்தி ஆபீஸ் கதவை அடைக்கும்வரை நான் அதன் வாசலில் இருப்பேன்.

அப்பா